குரங்கம்மை வைரஸை எப்படிப் படிக்கிறார்கள்?

முதலில் குரங்கை இந்த விவகாரத்திலிருந்து விடுவித்துவிடலாம், பாவம். 1958ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ ஆராய்ச்சிக்காக ஆசியாவிலிருந்து குரங்குகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவற்றின் உடம்பில் கொப்புளம் கிளம்பியது, அதிலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள், குரங்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் குரங்கின் பங்கு. நம்மைப் போலவே குரங்கும் இதை வேறு எங்கிருந்தோ வாங்கிக்கொள்கிற பிராணிதான். வைரஸ் வழக்கமாகக் குடியிருப்பது மத்திய, மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் இருக்கும் அணில், எலி வகைகளில் என்று நினைக்கிறார்கள். ஐவரி கோஸ்டில் உள்ள டாய் தேசியப் பூங்காவில் 2023ல் குரங்குக் கூட்டம் ஒன்றுக்கு இந்த நோய் வந்தபோது, அதற்குச் சில வாரங்கள் முன்பு அதே காட்டில் செத்துக் கிடந்த ஓர் அணிலிலும் கிட்டத்தட்ட அதே வைரஸ் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2022ல் உலக சுகாதார நிறுவனம் எம்பாக்ஸ் என்று பெயரை மாற்றிவிட்டது, ஆனால் நம் பத்திரிகைகள் இன்னும் குரங்கம்மை என்றே எழுதுகின்றன, நானும் அப்படியே எழுதுகிறேன்.

மனிதரில் முதலில் கண்டுபிடித்தது 1970ல், காங்கோவில், 9 மாதக் குழந்தை ஒன்றிடம். அந்த வட்டாரத்தில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த நேரத்தில் பெரியம்மை மாதிரியே ஒன்று வந்து நின்றதால்தான் அதைக் கவனித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். காரணம், இரண்டும் ஒரே குடும்பம். ஆர்தோபாக்ஸ் என்ற அந்தக் குடும்பத்தில் பெரியம்மை வைரஸ், மாட்டம்மை வைரஸ், அம்மை குத்தப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ், குரங்கம்மை வைரஸ் எல்லாம் சகோதரர்கள். சின்னம்மைக்கு இந்தக் குடும்பத்தில் இடம் கிடையாது, அது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ், பார்வைக்கு மட்டும்தான் ஒன்றுபோல இருக்கும். சின்னம்மையில் ஒரு கொப்புளம் இப்போதுதான் கிளம்பும், பக்கத்திலேயே இன்னொன்று பொருக்குத் தட்டியிருக்கும். குரங்கம்மையில் பொதுவாக ஒரே இடத்தில் உள்ளவை எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும், உள்ளங்கையிலும் பாதத்திலும்கூட வரும், கழுத்திலோ இடுப்பு மடிப்பிலோ நெறி கட்டும். இது பாடப்புத்தகத்து வர்ணனை. 2022க்குப் பிறகு வந்த நோயாளிகள் பலருக்கு ஒன்றிரண்டு புண்கள் மட்டும், அதுவும் மறைவான இடத்தில் வந்ததால், கண்ணால் பார்த்து முடிவுகட்டுகிற வேலை நம்பகமில்லாமல் போய்விட்டது.

சரி, இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது? இதற்குப் பதில் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

பல பத்தாண்டுகளாக எல்லோரும் நம்பியது இதைத்தான்: காட்டுப் பிராணியைத் தொடுகிறவருக்கு, வேட்டையாடுகிறவருக்கு, இறைச்சி அறுப்பவருக்கு வைரஸ் தொற்றும், அவர் வீட்டில் ஓரிருவருக்குப் போகும், அப்புறம் சங்கிலி தானாக அறுந்துவிடும். 2003ல் அமெரிக்காவில் நடந்ததும் இதை உறுதிசெய்வது போலத்தான் இருந்தது. கானாவிலிருந்து வளர்ப்புக்காக இறக்குமதியான எலி, அணில் வகைகளோடு ஒரே இடத்தில் வைத்திருந்த புல்வெளி நாய்களுக்கு (நாய் என்பது பெயரில்தான், அதுவும் அணில் இனம்) வைரஸ் தொற்றி, அவற்றை வாங்கி வளர்த்தவர்கள் உட்பட 47 பேருக்கு வந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனதாக உறுதியாகவில்லை. ஆக இது விலங்கு நோய், மனிதருக்கு எப்போதாவது வரும், தானே அடங்கும் என்று கோப்பை மூடிவைத்தார்கள்.

நைஜீரியாவில் 1978க்குப் பிறகு ஏறக்குறைய 40 வருடம் கண்ணில் படாத இந்த நோய், 2017ல் பயெல்சா மாநிலத்தில் 11 வயதுப் பையன் ஒருவனிடம் தென்பட்டது. அவனைப் பார்த்தவர் டிமி ஒகோய்னா என்ற தொற்றுநோய் மருத்துவர். அதன்பின் அவரிடம் வந்த பலர் காட்டுப்பக்கமே போகாத நகரத்து இளைஞர்கள், நிறையப் பேருக்குப் பிறப்புறுப்பில் புண். உடலுறவு நெருக்கத்தில் இது பரவக்கூடும் என்று அவரும் சக மருத்துவர்களும் ஆய்விதழில் எழுதினார்கள். உலகம் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 2022 மே மாதம் பிரிட்டனிலும் தொடர்ந்து ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் ஆப்பிரிக்காவுக்கே போகாதவர்களுக்கு நோய் வந்த பிறகுதான் எல்லோரும் அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தார்கள் என்பதை ஒரு குறையாகவே சொல்கிறேன். ஜூலை 23 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. அது 2023 மே 11 அன்று விலக்கப்படும்போது 111 நாடுகளில் 87,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியாகியிருந்தது.

திடீரென்று எப்படி? இங்கேதான் வைரஸின் டிஎன்ஏவைப் படிக்கிற வேலை வருகிறது. குரங்கம்மை வைரஸின் டிஎன்ஏவில் ஏறக்குறைய 1,97,000 எழுத்துகள். கோவிட் வைரஸில் சுமார் 30,000தான், அதோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆள். இவ்வளவு பெரிய டிஎன்ஏ வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது மிகக் கவனமாக எடுக்கும், எழுத்துப் பிழை அபூர்வம். வழக்கமாக மூன்று வருடத்துக்கு ஓர் எழுத்து மாறினால் அதிகம் என்று கணக்கு. ஆனால் 2022ல் பரவிய வைரஸை எடுத்து 2018ல் நைஜீரியாவிலிருந்து வந்த பயணிகளிடம் கிடைத்த வைரஸோடு வைத்துப் பார்த்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள் மாறியிருந்தன. நாலு வருடத்தில் இத்தனை மாற்றம் வரவே கூடாது.

மாற்றங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவை கண்டபடி நடக்கவில்லை என்று தெரிந்தது. டிஎன்ஏவின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்று நான்கு. பெரும்பாலான மாற்றங்கள் ஒரே தினுசு: ‘டிசி’ என்று இருந்த இடம் ‘டிடி’ ஆகியிருந்தது, எதிர் இழையிலிருந்து படித்தால் ‘ஜிஏ’ என்பது ‘ஏஏ’. இது பிரதி எடுக்கும்போது வந்த பிழை இல்லை. நம் செல்களுக்குள் அபோபெக்3 என்ற நொதி வகை இருக்கிறது, உள்ளே நுழையும் வைரஸின் எழுத்தைச் சிதைத்து அதைச் செயலிழக்க வைப்பது அதன் வேலை, அது சிதைக்கும் தினுசு இதுதான். பெரும்பாலும் வைரஸ் செத்துவிடும். எப்போதாவது ஒன்று, எழுத்து மாறியும் உயிர் பிழைத்து, அந்தத் தழும்போடு அடுத்தவருக்குப் போகும். அங்கேயும் இன்னொரு தழும்பு வாங்கும்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அபோபெக்3 தழும்பு நிறைய இருந்தால் அந்த வைரஸ் மனிதரிலிருந்து மனிதருக்கே நெடுநாள் சுற்றியிருக்கிறது. இல்லாவிட்டால் சமீபத்தில்தான் விலங்கிலிருந்து வந்திருக்கிறது. இந்தத் தழும்புகள் வருடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்கில் சேர்கின்றன, அதைப் பின்னோக்கி எண்ணி, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ராம்போவும் குழுவினரும் 2023ல் சொன்னது: இது 2016 வாக்கிலிருந்தே மனிதருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது நைஜீரியாவில் தனித்தனியாகக் காட்டிலிருந்து வந்ததாக நினைத்த நோயாளிகளில் பலர் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டவர்கள். ஒகோய்னா நோயாளிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டது எழுத்துகளிலும் தெரிந்துவிட்டது.

எழுத்தைப் படிப்பதால் வேறு சிறு உபயோகங்களும் உண்டு. 2022 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கேரளத்தின் கொல்லத்துக்கு வந்தவரிடம்தான் இந்தியாவின் முதல் குரங்கம்மை உறுதியானது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் அந்த ஆரம்பகால மாதிரிகளின் டிஎன்ஏவைப் படித்தபோது, ஐரோப்பாவில் வெடித்துப் பரவிய பி.1 என்ற வம்சம் அதில் இல்லை, ஏ.2 என்ற வேறு வம்சம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து நேராக வந்தது என்று ஊகித்து எழுதியவர்களுக்கு அது பதில்.

நைஜீரியாவிலிருந்து 2022ல் உலகெங்கும் பரவியது கிளேட் 2 என்ற கிளைவகை. கிளேட் 1 என்பது மத்திய ஆப்பிரிக்காவின் கிளைவகை, பொதுவாகக் கடுமையானது. 2023 செப்டம்பர் முதல் காங்கோவின் கிழக்கே தெற்கு கிவு மாகாணத்தில், தங்கச் சுரங்கங்கள் உள்ள கமிடுகா என்ற ஊரில், பாலியல் தொழிலாளர்கள் உட்பட இளவயதினரிடம் நோய் பரவியது. டிஎன்ஏவைப் படித்தால் அங்கேயும் அபோபெக்3 தழும்புகள். ஆக, கிளேட் 1-ம் மனிதருக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கு கிளேட் 1பி என்று பெயர் வைத்தார்கள். 2024 ஜூலை வாக்கில் புருண்டி, ருவாண்டா, உகாண்டா, கென்யா என்று தாண்டியது, ஆகஸ்ட் 14 அன்று மறுபடி சர்வதேச அவசரநிலை, அடுத்த நாளே ஸ்வீடனில் ஒருவர், செப்டம்பரில் மலப்புரத்தில் ஒருவர். அந்த இரண்டாவது அவசரநிலை 2025 செப்டம்பரில் விலக்கப்பட்டது. நோய் போய்விட்டது என்பதால் இல்லை, எண்ணிக்கை குறைந்ததாலும் எப்படிச் சமாளிப்பது என்று ஓரளவு தெரிந்துவிட்டதாலும்.

நடைமுறையில் பரவும் வழி எது என்று கேட்டால்: தோலோடு தோல் படுவது, புண்ணைத் தொடுவது, உடலுறவு, நோயாளியின் துணியும் படுக்கையும், முகத்துக்கு முகம் நெருங்கி நெடுநேரம் இருப்பது, கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கு. வைரஸ் குவிந்து கிடப்பது புண்ணில்தான், தொண்டையில் அதைவிட மிகக் குறைவு. அதனால் கோவிட் மாதிரி பஸ்ஸில் பக்கத்தில் நின்றதற்கே வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 3 முதல் 21 நாள் ஆகலாம். பிரிட்டனில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஜோடி ஜோடியாகத் தேதிகளை ஒப்பிட்டபோது, சிலர் அறிகுறி வருவதற்கு நாலு நாள் முன்பே அடுத்தவருக்குக் கொடுத்திருந்தது தெரிந்தது. புண் வந்தவரைத் தனிமைப்படுத்தினால் போதும் என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம்கண்டது.

இன்னொரு விஷயம், செய்திகளில் அடிக்கடி குழம்புவது. ‘கதவுக் கைப்பிடியில் வைரஸ் கண்டுபிடிப்பு’ என்று போடுவார்கள். பிசிஆர் கண்டுபிடிப்பது வைரஸின் டிஎன்ஏவை, அது செத்த வைரஸாகவும் இருக்கலாம். தொற்றும் திறன் இருக்கிறதா என்று பார்க்க அதைச் செல்களில் போட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும். லண்டனில் ஒரு மருத்துவமனையில் அப்படி வளர்த்துப் பார்த்தார்கள், நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றும்போது அறைக் காற்றில் எடுத்த மாதிரியில் உயிருள்ள வைரஸ் இருந்தது. உதிர்ந்த பொருக்கும் தோல் துணுக்கும் விரிப்பில் கிடக்கும், உதறினால் காற்றில் ஏறும். நம் வீடுகளில் போர்வையை உதறி மடிப்பது கை தானாகச் செய்கிற வேலை. அம்மை கண்ட வீட்டில், எந்த அம்மையாக இருந்தாலும், உதறாமல் சுருட்டித் துவைக்கப் போடுவது நல்லது.

பரிசோதனைக்கு வருவோம். மாதிரி எடுப்பது புண்ணிலிருந்து: பஞ்சுக்குச்சியால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும், முடிந்தால் இரண்டு மூன்று இடங்களில், உதிரும் பொருக்கு கிடைத்தால் அதையும் எடுக்கலாம். இரத்தத்தில் வைரஸ் கொஞ்ச நாள்தான் இருக்கும், அதனால் இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் நம்ப முடியாது. எதிர்ப்பணுக்களைப் பார்க்கும் சோதனையோ, சிறு வயதில் அம்மை குத்திக்கொண்ட ஒரு தாத்தாவுக்கும் ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும், ஒரே குடும்பத்து வைரஸ் என்பதால். ஆகவே புண்ணிலிருந்து எடுத்து பிசிஆர், அதுதான் வழி.

பிசிஆர் அந்த இரண்டு லட்சம் எழுத்தையும் படிப்பதில்லை. முன்பே தேர்ந்தெடுத்த ஒரு சிறு பகுதி இருக்கிறதா என்று மட்டும் தேடி, இருந்தால் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும். வேப்பமரத்துக்கு எதிர்வீடு என்று அடையாளம் சொல்லி ஒருவரை அனுப்புவது போலத்தான். மரத்தை வெட்டிவிட்டால், வீடு அங்கேயே இருந்தாலும் அவர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

அப்படியே நடந்தது, அதுவும் இரண்டு முறை. 2022ல் கலிபோர்னியாவில் சிலரிடம் இருந்த வைரஸில், பரவலாகப் பயன்பட்ட ஒரு சோதனை தேடுகிற மரபணுப் பகுதியே கழன்றுபோயிருந்தது. நோய் இருந்தும் அந்தச் சோதனை ‘இல்லை’ என்றது. அப்புறம் காங்கோவில், கிளேட் 1-ஐ மட்டும் அடையாளம் காட்டுவதற்கென்று இருந்த சோதனை கமிடுகா மாதிரிகளில் வேலை செய்யவில்லை. குரங்கம்மையா என்று பொதுவாகப் பார்க்கும் சோதனை ஆமாம் என்கிறது, கிளேட் 1-ஆ என்றால் பதில் இல்லை. கிளேட் 1பியில் அந்த அடையாளப் பகுதி இல்லை என்று முழு டிஎன்ஏவையும் படித்த பிறகு தெரிந்தது. எனக்கு இதில் ஆர்வமூட்டுவது, சோதனை தோற்றதே ஒரு துப்பாக ஆனதுதான்: முரணான இரண்டு பதில்கள் வந்ததால் உள்ளே ஏதோ புதிதாக இருக்கிறது என்று தேடினார்கள். இப்போதெல்லாம் ஒரே சோதனையில் இரண்டு அடையாளங்களைத் தேடச் சொல்வது இதனால்தான்.

காங்கோவின் பெரிய தொல்லை வேறு. மாதிரியை எடுத்துத் தலைநகர் கின்ஷாசாவுக்கோ கிழக்கே கோமா நகருக்கோ அனுப்பியாக வேண்டும், ரோடு கிடையாது, குளிர்பதன வசதி கிடையாது, 2024ல் நோய் சந்தேகப்பட்டவர்களில் பெரும்பகுதிப் பேருக்குப் பரிசோதனையே நடக்கவில்லை. அந்த வருடம் அக்டோபரில் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் செய்யும் குரங்கம்மைச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் அவசரகால அனுமதி கொடுத்தது. நம்மூரில் காசநோய்க்குச் சளி பார்க்கிறார்களே, அதே கருவிதான், மாதிரியைக் குப்பியில் போட்டுச் செருகினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். கோவிட் மாதிரி பட்டையில் கோடு தெரிகிற சோதனை வருமா என்றால், இதுவரை முயன்றவை உணர்திறன் போதாமல் தடுமாறுகின்றன.

தடுப்பூசி. இன்று கையில் இருக்கும் எதுவும் முதலில் குரங்கம்மைக்காகச் செய்ததில்லை, எல்லாம் பெரியம்மைக்காகச் செய்தவை. சகோதர வைரஸ்களின் மேல்தோல் புரதங்கள் அவ்வளவு ஒத்திருப்பதால் ஒன்றுக்குக் கிடைத்த எதிர்ப்பு மற்றதையும் பிடித்துவிடுகிறது. 1980களில், அப்போது ஜயர் என்று பெயரிட்டிருந்த காங்கோவில், நோயாளி வீட்டில் கூட இருந்தவர்களைக் கணக்கெடுத்து, அம்மை குத்தியவர்களுக்கு ஏறக்குறைய 85 சதவீதப் பாதுகாப்பு இருந்ததாகக் கண்டார்கள். 1980ல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தாகிவிட்டது, அம்மை குத்துவது நின்றது, அதற்கப்புறம் பிறந்த யாருக்கும் அந்தக் கவசம் இல்லை. குரங்கம்மை பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சென்னை கிண்டியில் இருக்கும் கிங் இன்ஸ்டிட்யூட் 1899ல் தொடங்கியதே அம்மைப்பால், அதாவது அம்மை குத்தும் மருந்து, தயாரிக்கத்தான். கையில் தழும்பு இருக்கிறதே, எனக்கும் பாதுகாப்பு உண்டா என்று 40 வயதுக்காரர்கள் கேட்பதைப் பார்க்கிறேன், அது காசநோய்க்கான பிசிஜி ஊசியின் தழும்பு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய அம்மைக் குத்தில் உயிருள்ள வாக்சினியா வைரஸ் இருந்தது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது ஆபத்து. ஜெர்மனியின் மியூனிக்கில் ஆன்டன் மயர் என்ற ஆய்வாளர் அந்த வைரஸைக் கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். கோழிச் செல்லிலேயே வாழ்ந்து பழகிய வைரஸ் தன் டிஎன்ஏவில் ஏறக்குறைய 15 சதவீதத்தை இழந்துவிட்டது, மனிதச் செல்லுக்குள் போனால் அதனால் பெருக முடியாது, ஆனால் நம் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். எம்விஏ என்ற அந்த வைரஸிலிருந்து பவேரியன் நார்டிக் நிறுவனம் செய்வதுதான் இன்று அதிகம் பயன்படும் தடுப்பூசி. நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். 2019ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது, நிஜத்தில் குரங்கம்மை பரவும் இடத்தில் இது எவ்வளவு காக்கும் என்ற தகவலே கிடையாது. மனிதர்களின் எதிர்ப்பணு அளவையும் குரங்குகளில் நடந்த சோதனையையும் வைத்துக் கொடுத்தார்கள். 2022ல்தான் ஊசி போட்டவர், போடாதவர் என்று ஒப்பிட முடிந்தது: ஒரு டோஸுக்கு சுமார் 76 சதவீதம், இரண்டுக்கு 82. ஊசி போட்டும் நோய் வந்தவர்களுக்குப் பொதுவாக லேசாகவே வந்தது. எதிர்ப்பணுக்கள் காலப்போக்கில் குறைவது உண்மை, பூஸ்டர் எப்போது தேவை என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை.

2022ல் பணக்கார நாடுகள் இந்த ஊசியை லட்சக்கணக்கில் போட்டுத் தள்ளின, நோய் அரை நூற்றாண்டாக இருந்த காங்கோவுக்கு முதல் தொகுதி வந்து சேர்ந்தது 2024 செப்டம்பரில், போடத் தொடங்கியது அக்டோபரில். இதற்கு அறிவியல் காரணம் ஒன்றும் கிடையாது.

குழந்தைகள்தான் காங்கோவில் அதிகம் சாகிறார்கள், ஆனால் மேற்படி ஊசிக்குப் பெரியவர்களுக்கே முதலில் அனுமதி. ஜப்பானில் பல பத்தாண்டுகளுக்கு முன்பு செய்த எல்சி16எம்8 என்ற இன்னொரு தடுப்பூசி குழந்தைகளுக்கும் போடக்கூடியது, ஒரே டோஸ், இரட்டை முனை ஊசியால் தோலில் குத்த வேண்டும். உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் ஆகாது. அப்புறம் எம்ஆர்என்ஏ ஊசி, அதாவது வைரஸின் புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுப்பது. இந்த வைரஸுக்கு இரண்டு உருவம் உண்டு, ஒற்றைச் சவ்வோடு ஒன்று, மேலே இன்னொரு சவ்வு போர்த்திக்கொண்டு ஒன்று, இரண்டின் மேலும் இருக்கும் புரதங்கள் வேறு வேறு. அதனால் மாடர்னா, பயோஎன்டெக் நிறுவனங்கள் இரண்டு உருவத்திலிருந்தும் பொறுக்கிய நாலு புரதங்களுக்குக் குறி வைக்கின்றன. மாடர்னாவின் ஊசியை எம்விஏவோடு ஒப்பிட்டுக் குரங்குகளில் செய்த சோதனையின் முடிவு 2024ல் வந்தது, எம்ஆர்என்ஏ போட்டவற்றுக்குப் புண்கள் குறைவு, நோய் நீடித்த நாட்களும் குறைவு. மனிதர்களில் அதே அளவு வித்தியாசம் தெரியுமா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

கடைசியாக மருந்து. டெகோவிரிமாட் என்ற மாத்திரை பெரியம்மைக்காக உருவாக்கியது, விலங்குகளில் பிரமாதமாக வேலை செய்தது, 2022ல் பல நாடுகளில் நம்பிக் கொடுத்தார்கள். காங்கோவில் 597 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு மாத்திரை, மறுபக்கத்துக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒழுங்காகச் சோதித்தபோது, புண் ஆறிய நாட்களில் வித்தியாசமே இல்லை. ஆனால் மொத்தத்தில் இறந்தவர்கள் 1.7 சதவீதம்தான், அந்த நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் 3.6 சதவீதத்தில் பாதிகூட இல்லை. எல்லோரையும் மருத்துவமனையில் வைத்து, சாப்பாடும் நீர்ச்சத்தும் கொடுத்து, கூடவே வரும் மற்றத் தொற்றுகளைக் கவனித்ததுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வை நடத்தியவர்கள். கிளேட் 2 நோயாளிகளிடம் நடந்த இன்னொரு சோதனையிலும் மாத்திரையால் பலனில்லை என்று 2024 டிசம்பரில் தெரிந்துவிட்டது.